இன்னொரு கட்டைவிரல்

மாண்ட்ரியாலில் மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்கிறவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பெயர் கொடுத்துவிட்டு நான்கில் படிக்கிறார். மெக்கில், கன்கார்டியா, எச்.இ.சி., யூகாம் நான்கும் 1976 முதல் கூட்டாக நடத்திவரும் திட்டம் அது. முதல் இரண்டில் ஆங்கிலம், மற்ற இரண்டில் பிரெஞ்சு. தொண்ணூறுகளின் நடுவில் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்த நான், காலையில் டவுன்டவுனில் ஆங்கிலத்தில் புள்ளியியல் கேட்பேன். பிறகு 165-ஆம் எண் பஸ் பிடித்து, ஊர் நடுவே இருக்கும் மலைக்கு அந்தப் பக்கம் போய் பிரெஞ்சில் நிறுவனக் கோட்பாடு கேட்பேன். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட பிரெஞ்சு, கியூபெக்காரர்கள் பேசும்போது எந்தப் பக்கம் போனதென்றே தெரியாது. முதல் பனிக்காலம் முழுக்க, பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது நானும் சிரித்துச் சமாளித்தேன்.

எங்களுக்குக் குழுப் பணிகள் அதிகம். நான்கு பேராகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். 1995 அக்டோபர் 30 அன்று கியூபெக் பிரிந்துபோவதா வேண்டாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 49.42. எங்கள் நால்வரில் இரண்டு பேர் வேண்டும் கட்சி, ஒருவர் வேண்டாம் கட்சி, எனக்கு ஓட்டு கிடையாது. அறிக்கைக்குக் கெடு அதே வாரம். அந்த வாரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வேலையை நான்காகப் பிரித்துத் தனித்தனியே எழுதி, கடைசியில் ஒட்டிக் கொடுத்தோம். அந்தப் பருவத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கிய அறிக்கை அதுதான். குழுவாக வேலை செய்வதைப் பற்றி ஆராய வந்தவளுக்கு இது நல்ல சகுனமா என்று அப்போது யோசிக்கவில்லை.

கோட்-தெ-நேஷில் நான் குடியிருந்த கட்டடத்தில் கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். சபனெல் தெருவில் இருந்த தையல் ஃபாக்டரி ஒன்றில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். கம்பெனிகளில் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து முடிவெடுக்கும்போது கம்ப்யூட்டர் எப்படி உதவுகிறது என்பதைப் படிக்கிறேன் என்றேன். "கூடியிருந்து கதைக்கிறதுக்கு ஒரு பி.எச்.டி.யோ தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு இடியப்பத்தை என் தட்டில் வைத்தார். பிற்காலத்தில் நிறைய ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் இதே கேள்வியை நீளமாகவும் இடியப்பம் இல்லாமலும் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் பழைய வழக்கு ஒன்று உண்டு. அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் ஐம்பதுகளில் பிரெய்ன்ஸ்டார்மிங்கைப் பிரபலமாக்கினார். யாரையும் விமர்சிக்காதே, வாயில் வந்ததைச் சொல், எண்ணிக்கை முக்கியம். இப்படிச் செய்தால் சராசரி மனிதர் தனியாக யோசிப்பதைவிடக் குழுவில் இருமடங்கு யோசனைகள் சொல்வார் என்றார். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெரி, பிளாக் மூவரும் இதைச் சோதித்தார்கள். நான்கு பேரை ஒன்றாக உட்காரவைத்து யோசிக்கச் சொன்னார்கள். வேறு நான்கு பேரைத் தனித்தனியே யோசிக்கவிட்டு, ஒன்றுபோலிருந்த யோசனைகளைக் கழித்துவிட்டு மற்றதைக் கூட்டிப் பார்த்தார்கள். தனித்தனி நால்வர், சேர்ந்திருந்த நால்வரைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு சொல்லியிருந்தார்கள். ஆஸ்பர்னின் கணக்கு தலைகீழாகிவிட்டது. அப்படிச் சேராமலே சேர்க்கப்பட்டவர்களுக்குப் பெயரளவுக் குழு என்று பெயர் விழுந்தது. எங்கள் துறையின் அத்தனை ஆசைகளுக்கும் குறுக்கே நின்ற குழு அது.

ஏன் அப்படி என்பதற்குப் பிடி கிடைக்க 1987 வரை ஆனது. டீல், ஸ்ட்ரோபெ என்ற இருவர் ஜெர்மனியில், ஆட்களைத் தனித்தனி அறையில் வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர்களுக்குச் சிவப்பு விளக்கு எரியும்படி செய்தார்கள். சிவப்பு அணையும்வரை வாய் திறக்கக்கூடாது. அறையில் வேறு ஆளே இல்லாதபோதும் யோசனைகள் சரிந்தன. வெட்கமோ சோம்பலோ பெரிய காரணமில்லை. முறைக்காகக் காத்திருப்பதே யோசனையைக் கொன்றுவிடுகிறது. காத்திருப்பதுதான் நோய் என்றால் மருந்து எளிது. ஆளுக்கொரு கீபோர்டு கொடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் 'பேசலாம்', பெயரும் தெரியாது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நூனமேக்கரின் குழு இதற்கென்றே கணினி வரிசைகள் பதித்த கூட்ட அறைகளைக் கட்டியது. அதே 1987-இல் ஜெரார்டின் டிசாங்க்டிஸும் பிரென்ட் கலூப்பும் எழுதிய கட்டுரை, குழு முடிவுகளுக்கான கணினி அமைப்பு என்பதை ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வகுத்துக் கொடுத்தது. கலூப் பணிபுரிந்த குவீன்ஸ் பல்கலைக்கழகம் இருப்பது கிங்ஸ்டனில், மாண்ட்ரியாலுக்கும் டொராண்டோவுக்கும் நடுவே. அந்த நெடுஞ்சாலையில் எங்களுக்கும் கொஞ்சம் காற்று அடித்தது.

எனக்குக் கிடைத்த உதவி ஆய்வாளர் வேலை, இப்படியொரு கணினி அறைச் சோதனையில் மாணவர்கள் சொன்ன யோசனைகளை எண்ணுவது. எல்லோரிடமும் கேட்கப்பட்ட கேள்வி யேல்காரர்கள் விட்டுப்போனது: இனிப் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் இரு கைகளிலும் இன்னொரு கட்டைவிரல் இருந்தால் என்னென்ன நன்மை, என்னென்ன தொல்லை? 1958 முதல் இந்தக் கேள்விக்கு எத்தனை ஆயிரம் மாணவர்கள் பதில் சொல்லியிருப்பார்களோ. கையுறை விலை கூடும். பியானோவுக்குப் புது இசை எழுதவேண்டும். லிஃப்ட் கேட்டு நிற்பவருக்கு இரட்டை வாய்ப்பு. ஒருவர் 'கையுறை மாற்றவேண்டும்' என்றும் இன்னொருவர் 'பழைய கையுறைகள் வீண்' என்றும் எழுதினால் அது ஒரு யோசனையா இரண்டா? நானும் இன்னொரு மாணவியும் கலந்து பேசாமல் தனித்தனியே எண்ணி, பிறகு எங்கள் எண்ணிக்கை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடவேண்டும். குழுக்களை ஆராயும் வேலையைக்கூடப் பெயரளவுக் குழுவாகத்தான் செய்தோம்.

எண்ணிக்கையில் வராத விஷயங்களே எனக்குச் சுவாரசியமாக இருந்தன. பெயர் மறைத்திருந்தாலும் யார் எழுதியது என்று அறையில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். பிரெஞ்சு வீட்டிலிருந்து வந்தவரின் ஆங்கில எழுத்துப்பிழை ஒரு மாதிரி, கிரேக்க வீட்டிலிருந்து வந்தவரின் பிழை வேறு மாதிரி. வகுப்பில் வாயே திறக்காத வியட்நாமிய மாணவி ஒருத்தி கீபோர்டு கிடைத்ததும் நிறுத்தாமல் அடித்தாள். வகுப்பில் எல்லோரையும் பேசவிடாமல் பேசும் ஆள், தான் எழுதியதை யாரும் பாராட்டவில்லை என்று பாதியில் சலித்து, நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டான். முடிந்து வெளியே வரும்போது ஏறக்குறைய எல்லோருமே, அவனைத் தவிர, "இன்றைக்கு நிறைய யோசித்தோம்" என்று பூரிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தாள்களைப் பார்த்தால் தனித்தனியே உட்கார்ந்தவர்களைவிட அப்படியொன்றும் அதிகமிருக்காது.

1999-இல் இதைத் தலைப்பிலேயே சொல்லும் கட்டுரை ஒன்று இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ரிசர்ச் இதழில் வந்தது. மெக்கில்லின் அலன் பின்சோனோ, எச்.இ.சி.யின் ஆன்ரி பார்க்கி, கிங்ஸ்டனின் கலூப், பிரேசிலின் நார்பெர்டோ ஹோப்பன் நால்வரும் எழுதியது. மின்னணு பிரெய்ன்ஸ்டார்மிங், பெயரளவுக் குழுவை மிஞ்சுகிறது என்பதற்கு ஆதாரம் பலவீனம், அந்த உற்பத்தித்திறன் ஒரு மாயை என்பது அதன் வாதம். துறையைக் கட்டிய ஒருவரே இந்த நால்வரில் இருந்ததை நான் மரியாதையோடு கவனித்தேன். ஆலன் டென்னிஸும் ஜோசப் வாலசிச்சும் மறுப்பு எழுதினார்கள். 1993-இல் அவர்கள் செய்த சோதனையில் ஆறு பேர் குழுவில் வித்தியாசமில்லை, பன்னிரண்டு பேர் குழுவில் கணினி ஜெயித்திருந்தது. பெரிய குழு என்றால் பலன் உண்டு என்பது அவர்கள் கட்சி. இரு தரப்பும் நாகரிகமாகச் சண்டை போட்டன. தாழ்வாரத்தில் நாங்கள் அவ்வளவு நாகரிகமாக இல்லை.

என் கருத்து இரண்டிலும் சேராது. எந்த நிறுவனத்துக்குமே யோசனைப் பஞ்சம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. யார் சொன்னால் எடுபடும் என்பதில்தான் பஞ்சம். எண்ணுவதற்கு வசதியாக இருந்ததால் நாங்கள் யோசனைகளை எண்ணினோம். அந்த வியட்நாமிய மாணவி எழுதியவற்றில் எத்தனை, கடைசி முடிவில் இடம்பெற்றன என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

அதே ஊரில் வேறு திசையில் நடந்த ஆய்வுகள்தான் என்னை அந்த அறையிலிருந்து வெளியே இழுத்தன. 2001-இல் பார்க்கியும் மெக்கில்லின் ஜான் ஹார்ட்விக்கும் மென்பொருள் திட்டங்களில் ஆட்களுக்கிடையே வரும் சச்சரவுகளைப் பற்றி எழுதினார்கள். சச்சரவை எவ்வளவு நன்றாகக் கையாண்டாலும் அதன் சேதம் பெரிதாகக் குறைவதில்லை என்று கண்டார்கள். 'ஆரோக்கியமான மோதல்' என்று மேலாண்மை வகுப்புகளில் இனிப்புத் தடவிக் கொடுக்கப்படுவதற்கு எதிரான முடிவு அது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. 2005-இல் லியெத் லாபுவாந்தும் சுசான் ரிவாரும் மூன்று மருத்துவமனைகளில் கணினிப் பதிவேட்டை மருத்துவர்கள் எதிர்த்த கதையை எழுதினார்கள். முதலில் ஆளுக்கொரு முணுமுணுப்பு, திரையைப் பற்றி, நேரத்தைப் பற்றி. போகப் போக முணுமுணுப்புகள் ஒன்று சேர்கின்றன. சண்டை இயந்திரத்தை விட்டுவிட்டு, இதனால் யார் கை ஓங்குகிறது என்பதில் போய் நிற்கிறது. அதன் பிறகு அதை ஆதரிப்பவர்கள் மீதே திரும்புகிறது. அந்தக் கட்டுரையை ஒவ்வொரு ஆண்டும் பாடமாக வைத்தேன். மாணவர்கள் விரல் வைத்துப் படித்தது இது ஒன்றைத்தான்.

எனக்கென்று கிடைத்த களம் சென்னை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டைடல் பார்க் வந்து பழைய மாமல்லபுரம் சாலை கண்ணாடியாக மாறிக்கொண்டிருந்த காலம். மாண்ட்ரியாலில் ஒரு நிறுவனம், அதற்கு மென்பொருள் எழுதித் தரும் குழு சென்னையில். இந்த ஜோடியைச் சில ஆண்டுகள் பின்தொடர அனுமதி கிடைத்தது. கோடையில் மாண்ட்ரியாலின் காலை எட்டு மணி சென்னைக்கு மாலை ஐந்தரை. அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதே எட்டு மணி அங்கே ஆறரை ஆகிவிடும். ஒவ்வொரு பனிக்காலமும் கான்ஃபரன்ஸ் காலில் சென்னைக்காரர்கள் சுருங்கிப்போகிறார்கள், கேள்வியே கேட்பதில்லை என்று மாண்ட்ரியால் மேலாளர் குறைப்பட்டுக்கொண்டார். ஆசியக் கலாசாரத்தைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்புக்குக்கூட ஏற்பாடு செய்தார். நான் சென்னையில் போய் உட்கார்ந்தபோது தெரிந்தது: வேளச்சேரி, தாம்பரம் பக்கம் போகும் அலுவலக பஸ் ஆறே முக்காலுக்குக் கிளம்பும். அதை விட்டால் பிறகு அவரவர் பாடு. கேள்வி கேட்டால் கூட்டம் நீளும்.

கலாசாரமே இல்லை என்று சொல்லவரவில்லை. ரிச்சர்ட் வாட்சன், டெக் ஹுவா ஹோ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கே.எஸ்.ராமன் மூவரும் 1994-இல் அமெரிக்கக் குழுக்களையும் சிங்கப்பூர்க் குழுக்களையும் ஒப்பிட்டு, குழுவுக்கான கணினி எல்லா ஊரிலும் ஒரேமாதிரி வேலை செய்யாது என்று எழுதியிருந்தார்கள். என் முனைவர் பட்டக் காலத்தில் அடிக்கோடு போட்டுப் படித்த கட்டுரை. ஆனால் கலாசாரம் என்று சொல்லிவிட்டால் பஸ் நேரத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்ற சௌகரியம் மேலாளர்களுக்கு வந்துவிடுகிறது. ஆய்வாளர்களுக்கும்.

அந்தத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான பொருள் அரட்டைப் பதிவுகள்தான். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். அது நடக்கும்போதே சென்னையில் ஏழெட்டுப் பேர் மெசஞ்சரில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். மாண்ட்ரியாலில் நாலைந்து பேர் பிரெஞ்சில். மேலாளர்களிடம் காட்டமாட்டேன், பெயர் வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்து, இரண்டு பக்கத்துப் பதிவுகளையும் வாங்கினேன். இரண்டையும் படிக்கத் தெரிந்தவள் அந்த அலைவரிசையில் நான் ஒருத்திதான்.

ஒரு கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. பில்லிங் பகுதியை இரண்டு வாரத்தில் முடிக்கமுடியுமா என்று மாண்ட்ரியாலில் கேட்கிறார்கள். சென்னைக் குழுத்தலைவர், முடித்துவிடலாம் சார் என்கிறார். அந்த நிமிடத்தில் தமிழ் ஜன்னலில்: "மூணு வாரம்கூடப் பத்தாது மச்சான்." "நீயே சொல்லேன்." "நான் எதுக்கு, எனக்கு அப்ரைசல் இருக்கு." பிரெஞ்சு ஜன்னலில் அதே நிமிடம், ஒருவர் இன்னொருவருக்கு எழுதுகிறார்: இவர்களால் இரண்டு வாரத்தில் முடியாது, நான் வாடிக்கையாளரிடம் நான்கு வாரம் என்று சொல்லிவிட்டேன். கூட்டக் குறிப்பில் இரண்டு வாரம் என்று பதிவாகிறது. இரண்டு பக்கமும் உண்மையான தேதி தெரிந்தே இருந்தது. வேலை நான்காவது வாரம் முடிந்தது. எல்லோரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

இதை எப்படி எண்ணுவது? ஒற்றுமை என்பதா, பொய் என்பதா? கூத்தில் திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் கதை தெரியும், முன்னால் இருப்பவர்களுக்கும் தெரியும், இருந்தும் கட்டியங்காரன் வந்து சொல்லவேண்டியிருக்கிறது. அப்படித்தான் அந்தக் கூட்டம் நடந்தது. மாண்ட்ரியால்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. கியூபெக்கில் 1977-இன் மொழிச் சட்டத்துக்குப் பிறகு பெரிய நிறுவனங்களின் வேலைமொழி பிரெஞ்சு. ஆனாலும் அறைக்குள் பிரெஞ்சு தெரியாத ஒருவர் நுழைந்தால் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். சொல்லவேண்டிய முக்கியமான விஷயம் கூட்டம் முடிந்து காபி இயந்திரத்துக்கு முன்னால் பிரெஞ்சில் சொல்லப்படும். இரண்டு மொழியில் வேலை செய்து பழகியவர்கள் என்பதால்தான் சென்னைக்காரர்களின் தலையாட்டலை அவர்கள் அவ்வளவு சரியாகப் படித்தார்கள் என்பது என் ஊகம். ஒரே மொழிக்காரர்களாக இருந்திருந்தால் இரண்டு வாரத்தை நம்பியிருப்பார்கள்.

இந்தப் பதிவுகளை வைத்து நான் எழுதிய கட்டுரை வெளிவர வெகுகாலம் பிடித்தது. ஒரு மதிப்பீட்டாளர், பக்கவாட்டுப் பேச்சைக் 'கூட்டு முயற்சிக்கு இடையூறு' என்ற மாறியாக வைத்து அளந்து தரச் சொன்னார். எனக்கு அதுதான் கூட்டு முயற்சியே, மற்றது சடங்கு. அந்தக் கருத்தை நான் விடவில்லை, அவரும் விடவில்லை, கடைசியில் வேறு இதழுக்குப் போனேன். 2007 டிசம்பரில் எங்கள் துறையின் பெரிய வருடாந்திர மாநாடு, ஐசிஸ், மாண்ட்ரியாலிலேயே நடந்தது. உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் பனியில் சறுக்கி விழாமல் நடப்பது எப்படி என்று எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கருத்தரங்க அமர்வுகளைவிடத் தாழ்வாரத்தில்தான் கூட்டம். இதைக் கவனித்து ஒருவரிடம் சொன்னேன். அவர் மெய்நிகர் குழுக்களைப் பற்றி ஆராய்பவர். அது தன் மாதிரியில் வராது என்றார்.

2020 மார்ச்சில் கியூபெக் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் மூடியபோது, வேலைக்குப் போகாமலே வேலை செய்வதைப் பற்றி நாங்கள் இத்தனை ஆண்டுகள் எழுதியதையெல்லாம் ஊரே ஒரு வாரத்தில் செய்து பார்த்துவிட்டது. எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. செய்தியாளர்கள், பழைய மாணவர்கள். சபனெல் அக்காவும் அழைத்தார். அவர் இப்போது டொராண்டோ பக்கம் மகளோடு இருக்கிறார். கோயில் நிர்வாகக் கூட்டத்தை ஜூமில் வைக்கப்போகிறார்களாம், அதில் கையைத் தூக்குவது எப்படி என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்தார். "கை தூக்கினனான் தங்கச்சி. ஒருத்தரும் பாக்கேல்லை. பிறகு தலைவற்றை மனிசிக்கு போன் எடுத்துச் சொன்னனான், காரியம் முடிஞ்சுது."

இப்போது என்னிடம் கடைசி மாணவியாக ஒரு பெண் இருக்கிறாள், கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். கூட்டம் நடக்கும்போதே கேட்டு, சுருக்கம் எழுதி, யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்று பட்டியல் போடும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பற்றி ஆராய்கிறாள். முன்மொழிவை நேர்த்தியாக எழுதியிருந்தாள். கருவி உள்ள குழு, கருவி இல்லாத குழு, சுருக்கத்தின் துல்லியம் எவ்வளவு என்று அளவைகள். அவள் பார்க்கப்போகும் குழுவில் பாதிப் பேர் மாண்ட்ரியாலை ஒட்டிய லாவாலில், பாதிப் பேர் சென்னையில். அவர்களுக்குள் வாட்ஸப் குழு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, இரண்டு என்றாள். அதில் வருவதும் இந்தக் கருவி எழுதுவதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே போகவில்லை என்று முதலில் பார்க்கச் சொன்னேன்.

"அதுக்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கவே ஒரு வருஷம் ஆகும் மேடம்."

ஆகட்டும் என்றேன். விண்ணப்பப் படிவத்தை அன்று மாலையே இருவரும் நிரப்பத் தொடங்கினோம். மூன்றாம் பக்கத்தில், எந்தெந்த மொழிகளில் தரவு இருக்கும் என்ற கேள்விக்கு அவள் ஆங்கிலம் என்று மட்டும் எழுதியிருந்தாள். பிரெஞ்சையும் தமிழையும் சேர்க்கச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.